முகம் பார்த்துச் சொல்லும் ஜோசியம்

“ப்ரைமர்தானே? எது கிடைக்கிறதோ அதைப் போடு.”

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா கட்டுகிறவர்களோடு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பேசினால் இந்த வாக்கியம் எப்படியும் காதில் விழும். மருந்தைப் பத்தில் ஒரு கிரெய்ன் பிசகாமல் நிறுப்பவர், குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை அளப்பவர், அவரே ப்ரைமர் என்று வந்ததும் கையை உதறிவிடுவார். கூடவே ஒரு சமாதானமும் தயாராக இருக்கும்: “கொஞ்சம் அதிகமாகிப் போனால்தான் என்ன? சுட்டபிறகு ப்ரைமரைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே!”

எனக்குச் சண்டை அந்தத் ‘தானே’யோடு. அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிற ‘தெரிந்துவிடுமே’யோடும்தான்.

நம் ஊரில் துப்பாக்கி உரிமம் வாங்குவதே பெரும்பாடு என்பதால், தோட்டா கட்டுவது என்றால் என்னவென்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் தோட்டாவில் நான்கே பாகம்: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, வாயில் குண்டு, அடியில் ப்ரைமர். சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். அதைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த ப்ரைமரைத் தட்டி எறிந்துவிட்டுப் புதிது வைத்து, மருந்து நிறுத்துக் கொட்டி, குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. செலவு மிச்சமாகும் என்று தொடங்குவார்கள். அப்புறம் தன் துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு தோட்டா வேண்டும் என்ற ஆசையில் தொடருவார்கள். மிச்சம் பிடித்த காசெல்லாம் இன்னும் நாலு அச்சு வாங்குவதில் போய்விடும் என்பது வேறு கதை.

தீபாவளிக்குச் சுருள் கேப்பைக் கல்லில் வைத்து நசுக்கியவர்களுக்கு ப்ரைமர் புதிதல்ல. கடுகளவு கிண்ணம் என்று சொல்லலாம். பெரிய வகையே குறுக்களவில் கால் அங்குலம் வராது. அதற்குள் தட்டினால் பற்றிக்கொள்ளும் கலவை, அதன் மேல் இரண்டு மூன்று கால் வைத்த தகடு ஒன்று, கொல்லனின் அடைகல் மாதிரி. துப்பாக்கியின் ஊசி வெளியிலிருந்து குத்தியதும் கலவை கிண்ணத்துக்கும் அடைகல்லுக்கும் நடுவே நசுங்கிப் பற்றுகிறது. கலவையின் எடை ஏறக்குறைய அரை கிரெய்ன். ஒரு குன்றிமணி எடையில் நாலில் ஒரு பங்கு.

இந்தச் சின்ன அளவுதான் ‘தானே’யின் ஊற்றுக்கண். வெறும் தீப்பொறி, அடுப்பைப் பற்றவைக்க எந்தத் தீப்பெட்டியாக இருந்தால் என்ன என்ற நினைப்பு. கைத்துப்பாக்கித் தோட்டா கட்டும்போது மருந்து போட மறந்துபோனவர்களைக் கேட்டுப் பாருங்கள். விசையை அழுத்தியதும் ‘பொட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் குண்டு கூட்டில் இருக்காது. ப்ரைமர் ஒன்றே அதைத் தள்ளிக் குழலுக்குள் பாதியில் செருகியிருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போயிற்று. தீக்குச்சி அந்த வேலையைச் செய்யாது. ப்ரைமர் தீயோடு சேர்த்துச் சூடான துகளையும் வாயுவையும் கூட்டுக்குள் பீய்ச்சுகிறது. மருந்து எந்த வேகத்தில் பற்ற ஆரம்பிக்கிறது என்பதை அந்தப் பீய்ச்சல் தீர்மானிக்கிறது. அழுத்தம் எப்படி ஏறும் என்பது அதைப் பொறுத்தது.

2020-க்குப் பிறகு ‘தானே’ வேதமாகவே ஆகிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் ப்ரைமர் அலமாரிகள் காலியாயின. ஆயிரம் ப்ரைமர் 30, 35 டாலருக்கு விற்ற காலம் போய், 100 டாலர் நீட்டினாலும் கிடைக்காத நிலை. போஸ்னியாவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் பழக்கமில்லாத பெயர்களில் பெட்டிகள் வந்து இறங்கின. கையில் கிடைத்ததை வாங்கிப் பழைய குறிப்பேட்டில் இருந்த அதே அளவு மருந்தோடு கட்டினார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதே சாட்சியாகிவிட்டது.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை மறைக்க வேண்டாம். ஒரே ரைஃபிள், ஒரே மருந்து, ஒரே குண்டு, மூன்று கம்பெனி ப்ரைமர். வேகமானியை வைத்துச் சுட்டால் சராசரி வேகம் நொடிக்கு இருபது முப்பது அடிதான் கூடிக் குறையும். பல நேரம் அப்படித்தான். நானும் அளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சோதனை எங்கே நடந்தது? நடுவாந்தர அளவு மருந்து, கையால் தள்ளிப் பூட்டும் போல்ட் ரைஃபிள், இதமான வெயில். வரம்புக்கு வெகு கீழே நின்றுகொண்டு வரம்பைப் பற்றி நியாயம் பேச முடியாது. தோட்டா கட்டுகிறவர்களில் எத்தனை பேர் நடுவாந்தரத்தில் நிற்கிறார்கள்? கையேட்டின் கடைசிக் கட்டத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுதான் பலருக்கு இஷ்டம்.

அந்த உச்சம் என்னவென்று பாருங்கள். அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தொழிலுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பு 1926-ல் தொடங்கியது; அதன் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி நம் வாயால் படித்தால் ‘சாமி’ என்று வரும். சாமி .30-06 ரகத் தோட்டாவுக்குப் போட்ட அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. .308-க்கு 62,000. .270-க்கு 65,000. உங்கள் கார் டயரில் இருப்பது 35. கன்னத்துக்கு நாலு விரல்கடை தூரத்தில் அந்த அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பது கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் பித்தளையும். அங்கே, அந்த ஓரத்தில், “இருபது முப்பது அடிதானே” என்ற பேச்சு எடுபடாது. வேகம் கொஞ்சம் ஏறும்போது அழுத்தம் அதைவிட வேகமாக ஏறுகிற இடம் அது.

அதனால்தான் எந்த நல்ல கையேட்டைத் திறந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் மருந்தின் பெயர், எடையோடு, எந்தக் கம்பெனியின் எந்த எண் ப்ரைமர் என்பதும் அச்சாகியிருக்கும். அழகுக்காக அச்சடித்தது அல்ல. அந்த அழுத்தம் அந்த ப்ரைமரோடு அளந்தது. வேறு போட்டால் அது வேறு தோட்டா. தோட்டாவின் நான்கு பாகத்தில் எது மாறினாலும் அளவைப் பத்து சதவிகிதம்போல் குறைத்துக் கீழிருந்து மறுபடி ஏறிவர வேண்டும் என்பது இந்தக் கைத்தொழிலின் பழைய விதி. மருந்து மாறினால் எல்லோரும் அந்த விதியைக் கேட்கிறார்கள். குண்டு மாறினால் கேட்கிறார்கள். ப்ரைமருக்கு மட்டும் சலுகை.

சரி, பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதாதா என்பார்கள். ‘ஸ்டாண்டர்ட்’, ‘மேக்னம்’, ‘மேட்ச்’ என்று எழுதியிருக்கத்தான் செய்கிறது. ஆனால் மேக்னம் என்றால் இத்தனை சூடு என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. வின்செஸ்டரின் பெரிய ரைஃபிள் ப்ரைமர் பெட்டியே ‘ஸ்டாண்டர்ட் அல்லது மேக்னம்’ இரண்டுக்கும் என்கிறது. சில வகைகளில் மேக்னம் என்பதன் முக்கிய வித்தியாசம் சூடே இல்லை, கிண்ணத்தின் தடிப்பு. ஆகவே ‘மேக்னம் போட்டால் வெடித்துவிடும்’ என்று பயமுறுத்துகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அதுவும் பெயரை வைத்துப் பலன் சொல்வதுதான். கையேடு மேக்னம் கேட்டால் மேக்னம், கேட்காவிட்டால் வேண்டாம்.

கிண்ணத்தின் தடிப்பு என்றேன். இது யாரும் பேசாத விஷயம். சிறிய ரைஃபிள் ப்ரைமர்கள் குறுக்களவில் எல்லாம் ஒன்றே: 0.175 அங்குலம். கண்ணுக்கு எல்லாம் இரட்டைப் பிள்ளைகள். ரெமிங்டனின் ஆறரை எண் ப்ரைமரையும் ஏழரை எண் ப்ரைமரையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. ஆறரை எண், .22 ஹார்னெட் போன்ற அழுத்தம் குறைந்த பழைய தோட்டாவுக்கானது, கிண்ணம் மெல்லிசு. .223 தோட்டாவில் அதைப் போடாதே என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 55,000 பவுண்டு அழுத்தத்தில் அந்த மெல்லிய கிண்ணத்தில் ஊசி முனை பட்ட இடம் ஓட்டை விழுந்தால், சூடான வாயு போல்ட்டின் முகத்தைத் தின்று கண்ணை நோக்கி வரும். பெரிய ப்ரைமரில் வேறு கூத்து: கைத்துப்பாக்கி வகையும் ரைஃபிள் வகையும் குறுக்களவில் 0.210 அங்குலம்தான், உயரம் மட்டும் வேறு. மாற்றி வைத்தால் ஒன்று குழிக்குள் மூழ்கும், மற்றது வெளியே துருத்தும். குழிக்குள் போய்விட்டதே என்பதால் பொருந்திவிட்டது என்று ஆகாது.

அடுத்தது, எனக்கு இரவில் நினைவு வருகிற விஷயம். ஏஆர்-15 ரைஃபிளில் ஒரு தோட்டாவை ஏற்றுங்கள். சுட வேண்டாம். அப்படியே வெளியே இழுத்து ப்ரைமரைப் பாருங்கள். நடுவில் குண்டூசி முனை பட்டதுபோல் ஒரு சின்னப் புள்ளி. விசையை யாரும் தொடவில்லை. அந்த ஊசியை ஸ்பிரிங் எதுவும் பிடித்து வைக்கவில்லை. போல்ட் ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது ஊசி தன் வேகத்திலேயே முன்னால் போய் ப்ரைமரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புகிறது. எம்1 காரண்ட் ரைஃபிளிலும் இப்படித்தான். ஒவ்வொரு தோட்டா ஏறும்போதும் ஒரு தட்டு. ப்ரைமர் அதைப் பொறுத்துக்கொள்வதால்தான் கை கையாக இருக்கிறது. பொறுக்காத மென்மையான ப்ரைமர், அதுவும் குழிக்குள் முழுதாக இறங்காமல் தலை தூக்கிக்கொண்டு இருந்தால்? போல்ட் பூட்டிக்கொள்வதற்கு முன்பே தோட்டா வெடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்குப் போன முதல் எம்16 ரைஃபிள்களில் இந்தத் தொல்லை வந்து, ஊசியின் எடையையே குறைத்தார்கள். சிசிஐ கம்பெனி 34, 41 என்ற இரண்டு எண்களில் ராணுவ வகை ப்ரைமர் விற்பதும் இதற்காகத்தான். அவை தட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாதவை. ஃபெடரல் கம்பெனியின் ப்ரைமர் இதற்கு நேர்மாறு, சீக்கிரம் பற்றும். சுத்தியல் ஸ்பிரிங்கைத் தளர்த்திய ரிவால்வர்க்காரர்கள் தேடித் தேடி வாங்குவது அதைத்தான். ஒருவருக்கு அது குணம், இன்னொருவருக்கு அதுவே குற்றம். ‘எது கிடைக்கிறதோ அதைப் போடு’ என்பவர் யாருடைய துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறார்?

இனி, ‘பார்த்தாலே தெரிந்துவிடுமே’ என்ற அந்த ஜோசியத்துக்கு வருகிறேன்.

சுட்ட கூட்டைக் கையில் எடுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ப்ரைமரின் விளிம்பு உருண்டையாக இருந்தால், “இன்னும் அரை கிரெய்ன் ஏற்றலாம்.” விளிம்பு மடிந்து தட்டையாகியிருந்தால், “போதும்.” ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி எரிமலை வாய்போல் மேடு கட்டியிருந்தால், “ஆபத்து.” நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் தோற்றார்.

அந்த முகம் எதனாலெல்லாம் மாறும் என்று பார்த்தால் ஜோசியத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். ஊசி குத்தியதும் ப்ரைமர் முதலில் பின்னால் தள்ளப்பட்டுப் போல்ட்டில் மோதுகிறது. அழுத்தம் ஏற ஏறக் கூடு நீண்டு பின்னால் வந்து, வெளியே நின்ற ப்ரைமரைத் திரும்பக் குழிக்குள் அமுக்குகிறது. கூட்டை அச்சில் அளவுக்கு மீறி அழுத்தி அதன் தோள்பட்டையைப் பின்தள்ளியிருந்தால் இந்த ஓட்டத்துக்கு இடம் அதிகம். ப்ரைமர் வெளியே வந்து உப்பி, திரும்ப அமுக்கப்பட்டு, அப்பளமாகத் தட்டையாகிவிடும். அழுத்தம் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும். போல்ட்டில் ஊசி வரும் துளை கொஞ்சம் அகலமாக இருந்தால் எரிமலை வாய் தானாக உண்டாகும். அதற்கும் அழுத்தம் காரணமில்லை. மென்மையான கிண்ணம் சீக்கிரம் தட்டையாகும், கெட்டியான கிண்ணம் உள்ளே பிரளயம் நடந்தாலும் முகத்தில் காட்டாது.

இன்னும் மோசமான உதாரணம் உண்டு. 1873-ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு, அறையின் மேல்மூடியைத் திறந்து தோட்டா வைக்கிற பழைய துப்பாக்கி. அதன் .45-70 தோட்டாவுக்கு வரம்பு 28,000 பவுண்டு. 40,000 பவுண்டு அழுத்தத்தில் அந்த ப்ரைமரின் விளிம்பு பெரும்பாலும் அழகாக, உருண்டையாகவே இருக்கும். ஏனென்றால் அதற்கு மேலும் தாங்குகிற உலோகம் அது. துப்பாக்கிதான் தாங்காது. முகம் பார்த்து ‘இன்னும் ஏற்றலாம்’ என்று சொல்லும் ஜோசியர் அந்த நூற்றைம்பது வயதுக் கிழத்தின் உயிரைப் பந்தயம் வைக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ப்ரைமரை மாற்றினால் பரவாயில்லை, முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்களே, மாற்றியது அந்த முகத்தைத்தானே! நேற்றுவரை ஒரு தடிப்புக் கிண்ணத்தில் பார்த்துப் பழகிய கண்ணால் இன்று வேறு தடிப்பைப் பார்த்துப் பலன் சொல்கிறார்கள். தராசையும் படிக்கல்லையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எடை சரியாக இருக்கிறதே என்று வியக்கிறார்கள். வேகமானி இன்று நூறு டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. கையேடு சொன்ன வேகத்தைவிட உங்கள் குண்டு வேகமாகப் போனால் அந்த உபரி வேகம் சும்மா வரவில்லை, அழுத்தத்தில் விலை கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் முழு அளவுகோல் அல்ல. ஆனால் ஜோசியத்தைவிட நூறு மடங்கு மேல்.

“நாற்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், என்ன ஆகிவிட்டது?” என்பார் எதிர்வீட்டுப் பெரியவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அச்சை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் துப்பாக்கி செய்கிறவர்கள் விற்பனைக்கு அனுப்பும் முன் சாதாரண வரம்பைவிட முப்பது சதவிகிதத்துக்கு மேல் அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்கிறார்கள். அவர் நாற்பது வருஷம் வாழ்ந்தது அந்தத் துப்பாக்கி செய்தவர்கள் விட்டுவைத்த இடைவெளியில். தலைக்கு வந்தது எத்தனை தடவை தலைப்பாகையோடு போயிற்று என்பது அவருக்கே தெரியாது.

நானும் யோக்கியன் அல்ல. ஒருநாள் சிறிய ப்ரைமரைத் தட்டில் கொட்டி, ஆட்டி, கவிழ்ந்தவற்றை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். தொலைபேசி வந்தது. திரும்பி வந்து, தட்டில் குறைவாக இருக்கிறதே என்று இன்னொரு பெட்டியிலிருந்து கொட்டினேன். கொட்டிய பிறகுதான் பார்த்தேன், அது வேறு கம்பெனி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கும், தட்டுப்பாட்டுக் காலம் வேறு. ‘ப்ரைமர்தானே’ என்று என் வாயே முணுமுணுத்தது. அத்தனையையும் ஒதுக்கித்தான் வைத்தேன், ஒன்றைக்கூடக் கட்டவில்லை. அன்றிலிருந்து மேசையில் ஒரே நேரத்தில் ஒரு பெட்டிதான். மிஞ்சியது அதன் சொந்தப் பெட்டிக்கே திரும்பும். கண்ணாடி ஜாடிக்குப் போகாது. ஜாடியில் குவித்து வைத்த ப்ரைமர் பண்டமல்ல, வெடிகுண்டு. ஒன்று பற்றினால் எல்லாம் பற்றும். கம்பெனிகள் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து அனுப்புவது பெட்டிக்கு அழகு சேர்க்க அல்ல. அமெரிக்கத் தீத்தடுப்பு விதி வீட்டில் 10,000-க்கு மேல் வைக்காதே என்று எண் போட்டே சொல்கிறது.

மீதியெல்லாம் கை வேலை. கண்ணாடி போட்டுக்கொள்வது. ப்ரைமர் இறங்க மறுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்திக் குழியைப் பார்ப்பது; ராணுவக் கூடு என்றால் குழியின் வாயை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள், அதை முதலில் நீக்க வேண்டும். வைத்து முடித்ததும் கூட்டின் அடியில் கட்டைவிரலை ஓட்டுவது. ப்ரைமர் விளிம்புக்குச் சற்றே கீழே, ஆயிரத்தில் மூன்று நான்கு அங்குலம் உள்வாங்கி இருக்க வேண்டும்; விரலில் எதுவும் தட்டக் கூடாது. கண்ணைவிட விரல் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். எழுந்ததும் கை கழுவுவது, சோற்றில் கை வைக்கும் முன்னால்; சுட்ட ப்ரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

கடைக்காரர், “நீங்கள் கேட்டது இல்லை, இது இருக்கிறது” என்பார். தாராளமாக வாங்குங்கள், உங்கள் துப்பாக்கிக்கு ஆகும் வகையாக இருந்தால். ஆனால் பழைய குறிப்பேட்டை மூடிவிட்டுப் புதுப் பக்கம் திருப்பி, மேலே அந்த ப்ரைமரின் பெயரையும் எண்ணையும் எழுதி, கீழ் அளவிலிருந்து தொடங்குங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்த வாரம் சுட வேண்டாம்.